பெட்ரோலில் தண்ணீர்

பினாங்கில், ஆயர் ஈத்தாமில், அய்யாக்கண்ணுவைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அவருடைய வண்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் பாதி, அதற்கு அவர் பெட்ரோல் ஊற்றுகிற அழகைப் பார்த்துச் சிரித்தவர்கள் மீதி. பாசார் முனையில் வண்டியை நிறுத்தி, புனலுக்குள் மெல்லிய ஆட்டுத்தோலை விரித்து, தகரத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக வடிகட்டுவார். ஒரு தடவை போதாதா? போதாது. வடிந்ததை இன்னொரு தகரத்தில் பிடித்து, தோலை உதறி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். எதிரே காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. கைக்குழந்தைக்குப் பாலா வடிகட்டுகிறீர்கள் என்று ஒருவர் கேட்பார். பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிடும் என்று அய்யாக்கண்ணு நிமிராமலே பதில் சொல்லுவார். வாய்க்கு வந்ததைப் பேசுகிற கூட்டம் அது. அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்.

அவருடைய உத்தியோகமே தண்ணீரோடுதான். ஆயர் ஈத்தாமுக்கு மேலே, மலைச்சரிவில், நகரத்துக்குக் குடிதண்ணீர் விடுகிற தொட்டி ஒன்று இருந்தது. அதற்கு அவர் ஜாகா, அதாவது காவல்காரர். காலையில் வால்வைத் திறக்க வேண்டும், மாலையில் அடைக்க வேண்டும், மழைக்காலத்தில் வலையில் சிக்குகிற இலைதழையை அள்ளிப் போட வேண்டும். தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை வீடு கொடுத்திருந்தார்கள். வீடு என்னவோ நல்ல வீடுதான். ஆனால் அக்கம்பக்கம் என்று சொல்ல ஒரு ஆத்மா கிடையாது. கீழே கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமத்துக்கு இறங்கவே அரைமணி நேரம் பிடிக்கும். அதற்கும் கீழே போனால்தான் டிராம். பாதை முழுக்கச் செம்மண். மழை பெய்தால் ஆடுகூட வழுக்கும்.

அந்த வீட்டுக்கு வள்ளியம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண் ஒருநாளும் தனிமை என்று முகம் சுளித்ததில்லை. வாய் ஓயாமல் பேசுவாள். பேச ஆள் இல்லாவிட்டால் தொட்டியோடு பேசுவாள். இரண்டு தடவை குழந்தை உண்டாயிற்று. இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது தடவை வலி கண்டபோது, நாற்காலியில் மூங்கிலைக் கட்டி நான்கு பேர் அவளைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் ஒருவன் கால் வழுக்கி நாற்காலியோடு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் உயிர் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அடுத்த முறை வலி கண்டதும் இங்கே வந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் தாயும் தங்கமாட்டாள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார்.

அன்று முதல் அய்யாக்கண்ணுவுக்கு ஒரே நினைப்பு. இந்த மலையில் ஏறி இறங்க ஒரு வண்டி வேண்டும்.

கடற்கரைப் பக்கத்துப் பெரிய பங்களா ஒன்றின் கொல்லையில், ரம்புத்தான் மரத்தடியில், ஒரு பழைய பிரெஞ்சு மோட்டார் வண்டி மக்கிக்கொண்டிருந்தது. பினாங்கில் மோட்டார் வண்டிகள் வந்த புதிதில் தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவர் வரவழைத்தது. அவர் காலமாகிப் பிள்ளைகள் புதுசு புதுசாக வாங்கிவிட்டார்கள். பின்சீட்டில் கோழி முட்டையிட்டுக் கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சுங்கை பினாங்கில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த மீரா சாகிப்தான் துப்புச் சொன்னவர், மாட்டு வண்டி கொண்டுவந்து கட்டி இழுத்தவரும் அவரே. வண்டி மலையேறி வந்ததைப் பார்த்து வள்ளியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கோழியையும் சேர்த்துக் கேட்டு வாங்கியிருக்கலாமே என்றாள்.

அந்தக் காலத்து வண்டிகளில் இன்ஜின் சுற்றுவதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது சங்கிலி. சைக்கிளில் இருக்கிறதே, அதேதான், கொஞ்சம் பெரிசு. அய்யாக்கண்ணு முதலில் கைவைத்தது அதில்தான். பின்னால் இருந்த பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மீரா சாகிப் கடையில் கிடந்த மரவாடி இயந்திரத்தின் பெரிய பல்சக்கரத்தை அராவித் தேய்த்துப் பொருத்தினார். வண்டியின் வேகம் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஏறுகிற பலம் வந்துவிட்டது. அப்புறம் பின்சீட்டை அறுத்து எறிந்துவிட்டு, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி பலகை போட்டு, தேங்காய் நார் மெத்தை தைத்து வைத்தார். குலுக்கல் குறைய வில்பட்டையில் இரண்டைக் கழற்றினார். ஏற்றத்தில் வண்டி நின்று பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அடியில் தானாக விழுகிற மாதிரி ஒரு கட்டையைத் தொங்கவிட்டார். மேல்கூரைத் துணியை வள்ளியம்மா தைத்தாள். பெட்டிபோல உயர்ந்து, பின்னால் கட்டில் மாதிரி நீண்டு, எதிலும் சேராத ஒரு வண்டி. பாசாரில் அதற்குப் பாடை வண்டி என்று பெயர் வைத்தார்கள். நாக்கில் நரம்பில்லாதவர்கள்.

வண்டி முழுசாகத் தயாரானதும் வள்ளியம்மாவை உட்கார வைத்துக் கீழே இறக்கி, மறுபடி மலைப்பாதையில் ஏற்றினார். மோட்டார் வண்டி ஒன்றுகூட அதுவரைக்கும் அந்தச் செம்மண் ஏற்றத்தில் ஏறினதில்லை. இது உறுமிக்கொண்டு, அடி அடியாக, ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறியது. தொட்டி வாசலில் நிறுத்தினபோது வள்ளியம்மா பக்கத்துக் கம்பியிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே எனக்குப் பயம் இல்லீங்க," என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் இன்னும் பத்து வண்டியைக் கழற்றி மாட்டியிருப்பார்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவளுக்காகக் கொண்டுவந்த வண்டிதான், இருந்தாலும் போகப் போக வண்டிக்காகவே வண்டி என்று ஆகிவிட்டது மனுஷனுக்கு. நன்றாக ஓடுகிறதை ஏன் கழற்ற வேண்டும்? கேட்டால், நன்றாக ஓடுகிறது ஏன் என்று தெரிய வேண்டாமா என்பார். கார்புரேட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு சோறு ஆறுகிறது தெரியாமல் உட்கார்ந்திருப்பார். வள்ளியம்மாவும் சளைத்தவளல்ல. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு இது எதற்கு, அது எதற்கு என்று கேட்பாள். இன்ஜின் சத்தம் கொஞ்சம் மாறினால் அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவாள். அவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு பிள்ளை மாதிரி இருந்தது.

அந்த வருஷம் அவள் மறுபடியும் உண்டானாள். இந்தத் தடவை எட்டு மாதம் நல்லபடியாகத் தாண்டிவிட்டது. கீழே கம்பத்தில் இருந்த பிள்ளைப்பேறு பார்க்கிற மலாய்க்காரி காமாரியா அடிக்கடி ஏறிவந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். எல்லோரும் அவளை மாக் பீடான் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் எந்நேரமும் பெட்ரோல் நிறைந்திருந்தது. மெத்தைமேல் புது விரிப்புப் போட்டிருந்தது.

ஆயுத பூசை வந்தது.

மற்றவர்கள் என்ன செய்வார்கள்? வண்டியைக் கழுவி, முன்னால் ஒரு பொட்டு வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் போவார்கள். அய்யாக்கண்ணுவுக்கு அது போதவில்லை. வெளியே தெரிகிற தகரத்துக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோசனம், ஓட்டுகிறது உள்ளே இருக்கிறதல்லவா என்று விடிந்ததும் ஸ்பேனரை எடுத்துவிட்டார். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, ஒருநாள் வண்டி கிடந்தால் என்ன என்கிற தைரியம். சங்கிலி, கார்புரேட்டர், பிளக்குகள், மேக்னட்டோ எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, பளபளவென்று துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் வரிசையாகப் பரப்பினார். பக்கத்தில் ஸ்பேனர், சுத்தியல், அரம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வள்ளியம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். இதில் எதுங்க வண்டிக்கு உயிர் என்று கேட்டாள். அவர் மேக்னட்டோவைக் கையில் எடுத்து, பித்தளை மூடியைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு சின்ன முனைகளைக் காட்டினார். இந்த இரண்டும் தொட்டுத் தொட்டு விலகினால்தான் பொறி வரும், பொறி வந்தால்தான் வண்டி ஓடும், மற்றதெல்லாம் வெறும் இரும்பு என்றார். அவள் தலையைச் சாய்த்து உள்ளே உற்றுப் பார்த்தாள். அவர் குளிக்கப் போனார். வந்து பார்த்தபோது எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தாள்.

உச்சிவேளைக்குப் பூசை முடிந்தது. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருஷா வருஷம் பொரியும் சுண்டலும் சாப்பிட வருகிற மீரா சாகிப்பும் வந்திருந்தார். இலையில் பரப்பியிருந்ததைப் பார்த்து, முழு வண்டியையும் சாமிக்குக் கொடுத்துவிட்டீர்களா என்று சிரித்தார்.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வள்ளியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். சூட்டு வலியாக இருக்கும் என்றாள். அய்யாக்கண்ணு எழுந்து இலைப்பக்கம் கையை நீட்டினார்.

"பூசையில வச்சதை எடுக்காதீங்க," என்றாள். "புள்ள பொறக்கப் போற வீடு. இன்னும் ஒரு மாசம் இருக்கு, இது சும்மா வலி."

நீட்டின கையை அவர் இழுத்துக்கொண்டார். அவருக்கும் அந்தப் பயம் உண்டு. இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு இருக்காதா?

வலி நிற்கவில்லை. மீரா சாகிப் கம்பத்துக்கு ஓடி மாக் பீடானைக் கூட்டிக்கொண்டு வந்தபோது வானம் இருண்டு மழை பிடித்துவிட்டது. காமாரியா வயிற்றைத் தொட்டுப் பார்த்தவள் முகம் மாறிப்போய் வெளியே வந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது தன் கையில் இல்லை என்று மலாயில் சொன்னாள். அய்யாக்கண்ணு ஏதோ கேட்கப் போனார்.

"உன் கெரேத்தா எதுக்கு இருக்கு? சீக்கிரம் கொண்டு போ லா," என்றாள், வண்டியைக் காட்டி, அவள் பாஷையில்.

மீரா சாகிப் துணைக்கு ஆள் திரட்டக் கீழே ஓடினார். அய்யாக்கண்ணு சாமி படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு இலையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். உள்ளே வள்ளியம்மா முனகுகிறாள், வெளியே மழை கூரையைப் பிளக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் மாட்டினார். மாட்டுவதில் ஒரு பிழையும் இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுகிற கைதான் அது. சங்கிலி விழுந்தது, கார்புரேட்டர் உட்கார்ந்தது, மேக்னட்டோ இறுகியது. முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார்.

வண்டி பேசவில்லை.

மறுபடி சுற்றினார். மறுபடி. தோள்பட்டை விட்டுப்போகிற மட்டும் சுற்றினார். ஒரு இருமல்கூட இல்லை. மழைத்தண்ணீர் எங்கேயோ புகுந்துவிட்டது என்று பெட்ரோலைத் திறந்துவிட்டுப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். பிளக்குகளை எடுத்துத் துடைத்துப் போட்டார். மேக்னட்டோவைத் திறக்க அவருக்குத் தோன்றவே இல்லை. அது காலையில்தான் தன் கையாலேயே துடைத்து வைத்தது. அங்கே கோளாறு இருக்க வழியே கிடையாது என்று அவ்வளவு நிச்சயம். இத்தனைக்கும் நடுவில் காமாரியா இரண்டு தடவை வாசலுக்கு வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கடைசியில், வேறு பார்க்க ஒன்றுமே இல்லை என்று ஆனபிறகு, பித்தளை மூடியைத் திறந்தார்.

உள்ளே, அந்த இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவில், சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. அதன்மேல் துளியூண்டு குங்குமம். ஒரு விரல் நுனியால் அலுங்காமல் வைத்து, மறுபடி மூடியிருக்கிறாள். எது உயிர் என்று கேட்டாளே, அதற்குத்தான்.

அழுவதற்குக்கூட நேரமில்லை. கைக்குட்டை நுனியைப் பெட்ரோலில் நனைத்து முனைகளைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே மீரா சாகிப் நாலு ஆட்களோடு நனைந்து வந்து சேர்ந்தார். அய்யாக்கண்ணு மூடியைப் போட்டுவிட்டு ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றினார். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

எல்லோருமாக வள்ளியம்மாவைத் தூக்கி மெத்தையில் படுக்க வைத்தார்கள். காமாரியா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மீரா சாகிப் பக்கத்தில் தொற்றிக்கொண்டார். அந்தச் சேற்றுச் சரிவில் வண்டி ஒரு குலுங்கல் இல்லாமல், ஒரு வழுக்கல் இல்லாமல் இறங்கியது. எதற்காக அதைக் கட்டினாரோ அந்த வேலையை அது குறைவில்லாமல் செய்தது. பொழுது மட்டும் போய்விட்டது.

டிராம் பாதையில் சேர்ந்து ரோடு சமமானதும், பின்னாலிருந்து வள்ளியம்மாவின் குரல் கேட்டது. மெலிந்துபோன குரல்.

"ஏங்க, வண்டி அப்பவே ஏன் கெளம்பல?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேல்சட்டைப் பையில் சந்தனம் பட்ட கைக்குட்டை இருந்தது.

"பெட்ரோல்ல தண்ணி கலந்துடுச்சு வள்ளி," என்றார்.

பிறகு அவள் சொன்னாள்.

"அவ்வளவுதானா. பூசையில வச்சதை எடுத்ததாலயோன்னு நான் பயந்துட்டேன். அடுத்த வாட்டி நல்லா வடிகட்டி ஊத்துங்க. ஒண்ணுக்கு ரெண்டு தடவையா."

"சரி," என்றார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். ஆண்பிள்ளை. மறுநாள் காலையில், ஊரெல்லாம் மறுபூசை போட்டு ஆயுதங்களை எடுக்கிற நேரத்தில், வள்ளியம்மாவும் போய்விட்டாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். அதற்குள் அய்யாக்கண்ணு எழுந்து வெளியே போய்விட்டார்.

அய்யாக்கண்ணு அந்த வண்டியை விற்றுவிடுவார், அல்லது பள்ளத்தில் தள்ளிவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் இரண்டும் செய்யவில்லை. முன்னைவிட நன்றாகப் பராமரித்தார். பின்னால் இருந்த மெத்தையையும் எடுக்கவில்லை. மலைச்சரிவில் எந்த வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும், மலாய்க்காரரோ சீனரோ நம்மவரோ, பாடை வண்டி போய் வாசலில் நின்றது. அந்தப் பெயரைச் சொல்கிறவர்கள் நாளடைவில் குறைந்துபோனார்கள். ஒன்று மட்டும், வண்டியை அதற்குப்பிறகு ஒருநாளும் அவர் முழுசாகக் கழற்றிப் போட்டதில்லை. ஒன்றைக் கழற்றினால் அதைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம் சண்டைக்கே போய்விட்டார்.

தலை நரைத்தது. தொட்டிக்குப் புது ஜாகா வந்து, அவர் ஆயர் ஈத்தாமுக்குக் கீழே ஒரு வாடகை அறைக்கு இறங்கி வந்தார். வண்டி அறைக்கு வெளியே தகரக் கொட்டகையில் நின்றது. ஆயுத பூசைக்கு மீரா சாகிப் மட்டும் தவறாமல் வந்தார். அவருக்கும் வயதாகி, மூச்சு வாங்கியது. அய்யாக்கண்ணு வண்டியின் முன்தகரத்தில் ஒரே ஒரு பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, பூசையை முடித்துக்கொண்டார். பொரியைத் தின்றுவிட்டு, ஆட்டுத்தோலையும் புனலையும் எடுத்துக்கொண்டு பெட்ரோல் தகரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்.

மீரா சாகிப் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷமும் அடக்கிவைத்திருந்தது அன்று அவருக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, அன்னிக்கு நானும் பக்கத்துலதான நின்னேன். உங்க கைக்குட்டையில சந்தனத்தைப் பாத்தேன். எதுக்கு இந்த வடிகட்டல் எல்லாம்? நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும், அது தண்ணி இல்ல."

அய்யாக்கண்ணு தகரத்தைச் சாய்த்த கையை நிறுத்தவில்லை. முதல் தகரத்தை வடித்து முடித்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டார், பெட்ரோலில் விழாதபடி.

"அவகிட்ட தண்ணின்னு சொல்லிட்டேன் பாய். அதைக் கேட்டு நிம்மதியாத்தான் போனா. இனிமே அது தண்ணிதான்."

மீரா சாகிப் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்து, தோலின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டார். அய்யாக்கண்ணு வடிந்ததை எடுத்து இரண்டாம் தடவை ஊற்ற ஆரம்பித்தார்.